உள்ளே குறைவு, வெளியே கூடுதல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வண்டு எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. உங்கள் கழுத்து வலி குறைந்ததா? வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

வழக்கம்போலக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உங்கள் ஆய்வகத்துக்கு மாதிரிகள் வரும் ஐஸ் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். போன தடவை உங்கள் உதவியாளர் இதை அலுவலகக் காகிதம் என்று நினைத்துக் கோப்பில் சேர்த்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதனால் உறைமேல் 'சொந்த விஷயம்' என்று பெரிதாக எழுதிவிட்டேன். இனி எல்லோரும் தவறாமல் படிப்பார்கள்.

இம்முறை பெட்டியில் இருப்பது புது வகை. எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் போய்ச் சேரும் கால்வாயிலிருந்து ஊருக்குக் குடிநீர் எடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வருகிற ஆன்டிபயாடிக் மருந்து எங்களிடம் எவ்வளவு வருகிறது, எங்களைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்னபடியே செய்தேன். தண்ணீரை வடிகட்டி, வெள்ளைத் தூள் அடைத்த விரலளவுக் குழல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். மருந்து தூளில் தங்கிவிடும், தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழலை மட்டும் அனுப்பினால் போதும் என்றீர்களே, நல்ல ஏற்பாடு. ஈரக் குழலில் லேபிள் ஒட்டவில்லை. மேசையில் வைத்துத் துடைத்துக் காயவிட்டு ஒட்டினேன். நிலையத்துக்குள் வரும் தண்ணீருக்கு 'உள்', வெளியேறும் தண்ணீருக்கு 'வெளி'.

அன்று காலை எதிர்பாராத ஓர் அலைச்சல். பெரிதாக ஒன்றுமில்லை.

பலகை சார் உங்களுக்கு நினைவிருக்கும், எங்கள் பொறியாளர். எங்கே இடம் கிடைத்தாலும் எச்சரிக்கைப் பலகை மாட்டுவார். நேற்று காற்றூட்டும் தொட்டியருகே 'இங்கே குளிக்காதீர்' என்று மாட்டினார். "கழிவுநீர்ல யாரு சார் குளிக்கப் போறாங்க?" என்று கேட்டேன். "எழுதி மாட்டிட்டா நம்ம மேல தப்பு இல்லம்மா" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குனிந்தே வேலை செய்யாதீர்கள்.

அன்புடன்,
வண்டு

*

மார்ச் 27

அன்புள்ள வண்டு,

கழுத்து அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியே. முழங்காலுக்கு யாரையாவது பார். எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டிருக்கிறாய். இந்த வீட்டில் 'எல்லோரும்' என்பது இரண்டு பேர். உன் அண்ணன் வெளியூர் போயிருக்கிறார்.

முடிவுகள் வந்துவிட்டன. மூன்று வகை மருந்துகளைத் தேடினோம். அவற்றில் அதிக அளவில் இருந்தது சல்பா வகை. அது உள்ளே குறைவாகவும் வெளியே கூடுதலாகவும் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுத்திகரிப்பு நிலையம் மருந்தை அழிக்கலாம், அழிக்காமல் விடலாம். தயாரித்து அனுப்பாது. லேபிள் ஒட்டும்போது குழல்களை மாற்றியிருக்கிறாய்.

அறிக்கையின் குறிப்புப் பகுதியில் 'மாதிரிகள் இடம் மாறியிருக்க வாய்ப்புள்ளது' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். சொந்தம் என்பதற்காக எழுதாமல் விட முடியாது. வேறு யார் அனுப்பியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

காலிக் குழல்கள் இந்தப் பெட்டியிலேயே வருகின்றன. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

*

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது.

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைப் பலகை சார் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு என் மேசையில் வைத்தார்.

"என்னம்மா இது?"

"நான் மாத்தல சார்."

"பெரிய லேப்ல எழுதியிருக்காங்களே."

"எழுதினது எங்க அண்ணி சார். அவங்களுக்கு எப்பவும் சந்தேகம்."

"அப்போ சொந்தக்காரங்களே சொல்றாங்க. அதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?"

'கவனக்குறைவால் மாற்றிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டால் விஷயம் முடிந்துவிடுமாம். முடியும்தான், என் வேலையும் அதோடு முடியும். பரிசோதனை அறையிலிருந்து எடுத்துப் பம்ப் ஹவுஸில் போடுவார்கள். அங்கே காலையில் மோட்டாரைப் போட வேண்டும், சாயந்திரம் நிறுத்த வேண்டும். பதினான்கு வருடமாக இந்த அறையில் இருக்கிறேன். என் கை பட்ட மாதிரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுபடி எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாட்ச்மேனைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் பார்க்கப் பார்க்க லேபிள் ஒட்டினேன். அவர் மூக்கைத்தான் பொத்திக்கொண்டிருந்தார், கண் திறந்திருந்தது. சீக்கிரம் சோதித்துச் சொல்லுங்கள். வீட்டு போனில் கூப்பிட வேண்டாம், இங்கே பேச வசதியில்லை. எழுதுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள். வேறு விசேஷமில்லை.

வண்டு

*

ஏப்ரல் 22

அன்புள்ள வண்டு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை.

பெட்டி தாமதமாக வந்தது. ஐஸ் உருகி, குழல்கள் நேரடியாகத் தண்ணீரில் கிடந்தன. அவற்றுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் போட்டிருக்கவில்லை. லேபிள்கள் கழன்று மிதந்தன. எது உள், எது வெளி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் சோதிக்கவில்லை. நீ பெட்டியை இப்படி அடுக்கி நான் பார்த்ததில்லை.

கயிற்றின் முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. உதவியாளர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். வேண்டாம் என்று நானே அவிழ்த்தேன்.

தனியாக இருப்பவளுக்கு வீட்டில் பேச வசதியில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் வீட்டில் இப்போது எத்தனை பேர்?

அண்ணி

*

மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமா? இங்கே வெயில் அதிகம். தொட்டியில் நுரை கட்டுகிறது. முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அவர் என்னைவிடப் பருமன். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாதிரி எடுப்பதை நிறுத்திவைத்துவிட்டார்கள். பெட்டி போவதில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன். பரிசோதனை அறையில் எனக்குப் பதிலாகப் பலகை சாரின் மச்சான் உட்கார்ந்து பழகுகிறார். நல்ல பிள்ளை. குழலைத் தலைகீழாகப் பிடிக்கிறார்.

பலகை சார் தினமும் ஒரு முறை கேட்கிறார். "எழுதியாச்சாம்மா?" கோபமாகக் கேட்டால் பரவாயில்லை, சாப்பிட்டாயா என்பது போலக் கேட்கிறார். ஜூன் நடுவில் மேலிடத்துக்குப் பதில் போக வேண்டுமாம்.

அண்ணி, நான் மாற்றவில்லை. முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது தெரியவில்லை. துடைக்கும்போது இடது கைப் பக்கம் உள், வலது கைப் பக்கம் வெளி என்று வைத்தேன். அந்த வழக்கத்தை நான் மாற்றியதே இல்லை. ஆனால் அன்று மேசைக்கு எந்தப் பக்கம் நின்றேன்? சுவர்ப் பக்கமா, ஜன்னல் பக்கமா? அன்று காலை என் மனம் வேலையில் இல்லை. எங்கே இருந்தது என்று எழுத இப்போது முடியாது. இப்போதெல்லாம் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால்கூட, எடுத்தது இந்த டம்ளர்தானா என்று திரும்பிப் பார்க்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். உள்ளே ஆள் இருக்கும்போதே.

உங்களிடம் முதல் தடவை அனுப்பியதில் ஏதாவது மிச்சம் இருக்குமா? இருந்தால் மறுபடி பாருங்களேன். நான்தான் மாற்றினேன் என்று தெரிந்தாலும் சரி. தெரிந்தால் போதும்.

மறக்காமல் எழுதுங்கள்.

வண்டு

*

ஜூன் 11

அன்புள்ள வண்டு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. முதலில் காரியம்: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. நீ எதையும் மாற்றவில்லை.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை, பதில் தராதவளுக்கு நான் ஏன் எழுத வேண்டும் என்று இருந்தேன். இந்த வாரம் வேறொரு நிலையத்தின் அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. அங்கேயும் சல்பா வெளியே கூடுதல். அங்கே மாதிரி எடுத்தவர் உன்னைப் பார்த்ததுகூட இல்லை. இரண்டு பேர் ஒரே தவறைச் செய்யலாம். ஆனால் என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

உன் மார்ச் மாத முடிவுகளை எடுத்தேன். பெனிசிலின் குடும்பத்து மருந்து ஒன்று உன் 'உள்' குழலில் இருக்கிறது, 'வெளி'யில் இல்லை. அது தண்ணீரில் நிலைக்காது, தொட்டியைத் தாண்டுவதற்குள் உடைந்துவிடும். டெட்ராசைக்ளின் 'உள்'ளில் கூடுதல், 'வெளி'யில் சொற்பம். அது சேற்றோடு ஒட்டித் தொட்டியிலேயே தங்கும். குழல்கள் இடம் மாறியிருந்தால் மூன்றும் தலைகீழாக இருக்க வேண்டும். சல்பா ஒன்றுதான் தலைகீழ். மூன்றும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருந்தன. நான் ஒன்றைப் பார்த்தேன், உன்மேல் எழுதினேன்.

காரணத்தையும் தேடினேன். சல்பா மாத்திரை சாப்பிட்டவரின் உடம்பு, அதில் ஒரு பகுதியோடு சின்னத் துண்டு ஒன்றை ஒட்டி வெளியேற்றுகிறது. ஒட்டிய நிலையில் அது கிருமியை ஒன்றும் செய்யாது. எங்கள் கருவிக்கும் அது வேறு பொருள், தேடச் சொல்லாவிட்டால் காட்டாது. உங்கள் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் துண்டைக் கடித்து எடுத்துவிடுகின்றன. மருந்து மறுபடி மருந்தாகிவிடுகிறது. உள்ளே வரும்போதும் அது இருந்தது. நாங்கள் எண்ணவில்லை. உன் மாதிரியின் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. துண்டு ஒட்டிய வகையையும் தேடினேன். 'உள்'ளில் நிறைய, 'வெளி'யில் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் சேர்த்தால் கணக்கு நேராகிறது.

இன்று காலை உன் வீட்டுக்கு போன் செய்தேன். எடுத்தது நீயல்ல. அந்த 'ஹலோ'வைக் கேட்டதும் வைத்துவிட்டேன். முடிச்சைப் பார்த்தபோதே தெரியும். எந்தப் பெட்டியையும் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் காதுபோல மடித்துக் கட்டும் ஆளோடு நான் இருபது வருடம் இருந்திருக்கிறேன்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திருத்திய அறிக்கை தனியாக வரும்.

அண்ணி

*

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. கடிதம் வந்து நாளாகிவிட்டது.

இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'நினைவில்லை' என்று எழுதுகிறேன் என்றேன். பலகை சார், "நினைவில்லன்னா அதுதாம்மா கவனக்குறைவு" என்றார். சரியாகத்தான் பட்டது. திங்கள்கிழமையிலிருந்து பம்ப் ஹவுஸ்.

உங்கள்மேல் வருத்தமில்லை. நீங்கள் பார்த்ததை எழுதினீர்கள்.

வண்டு

*

ஜூன் 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பம்ப் ஹவுஸில் நின்றபடி படித்தேன். மோட்டார் சத்தத்தில் நான் திட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

பதினொன்றாம் தேதி காலையில் போன் செய்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் தேதி மத்தியானம் கையெழுத்துப் போட்டேன். 'கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லிடுங்க' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எடுத்தது உங்கள் புருஷன்தானே, போலீஸ்காரன் இல்லையே. தபாலை நம்பினீர்கள், அவனோடு ஒரு வார்த்தை பேசுவதற்குப் பதிலாக.

அவனிடமும் கேட்டேன்.

"அன்னிக்குக் காலைல போன் வந்துச்சா?"

"வந்துச்சு. எடுத்தேன், வச்சுட்டாங்க."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"மூச்சு விடற சத்தம் கேட்டுது. உங்க அண்ணி மாதிரி இருந்துச்சு."

"அதை எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

"வெறும் மூச்சை வச்சு என்னன்னு சொல்றது?"

இருவருக்கும் ஏற்ற ஜோடிதான் கிடைத்திருக்கிறது.

ஆமாம், இங்கேதான் இருக்கிறான். மாதிரி எடுத்த அன்று காலை, நான் கிளம்பும்போது ஒரு பையோடு கேட்டில் நின்றான். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன். அவகிட்ட நீயா சொல்லாதே, கேட்டா சொல்லு" என்றான். நீங்கள் கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் இருவர் நடுவில் நின்று ஆளுக்கொரு பக்கம் பேச வேண்டும், அது என்னால் ஆகாது என்று நினைத்தேன். அந்த யோசனையோடுதான் அன்று குழலைத் துடைத்தேன். என் கையை நானே நம்பாமல் போனது அதனால்தான். இரண்டாவது பெட்டியில் ஐஸ் போட்டவனும் அவன்தான். 'நான் பார்த்துக்கறேன், நீ போய் உக்காரு' என்றான். என் சமையலறை டப்பாக்களையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டான். உயரப்படி அடுக்கிவிட்டான், எதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பலகை சாரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "சொந்தக்காரங்க லெட்டர் செல்லாதும்மா" என்றார். அறிக்கையில் எழுதினது மட்டும் செல்லுமாம். லேப் தன் வரியை எழுத்தில் திரும்பப் பெற்றால் பார்க்கலாம் என்கிறார்.

திரும்பப் பெறுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வண்டு

*

ஜூலை 5

அன்புள்ள வண்டு,

நீ எழுதியது முழுவதும் நியாயம்.

திருத்திய அறிக்கை நேற்று அனுப்பப்பட்டது. 'மாதிரிகள் இடம் மாறவில்லை. முந்தைய குறிப்பு ஆய்வகத்தின் தவறு' என்று எழுதியிருக்கிறேன். இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வரிதானே மேடம். 'மேலும் ஆய்வு தேவை'ன்னு மாத்திட்டா போதுமே."

"தேவையில்லை சார். ஆய்வு முடிஞ்சுது."

"லேப் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு யாரு மாதிரி அனுப்புவாங்க?"

"தப்பை ஒத்துக்கற லேபுக்குத்தான் அனுப்பணும்."

அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும், சிரித்தார். உள்தணிக்கை முடியும்வரை அறிக்கைகளில் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்று இன்று உத்தரவு வந்தது. உன் கை மாதிரியைத் தொடக் கூடாது, என் கை கையெழுத்துப் போடக் கூடாது.

உன் அண்ணனைப் பற்றி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தார், நான் நாள் முழுக்க இங்கே இருந்தேன். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், "நான் இருந்தாலும் இல்லாட்டியும் உனக்கு ஒண்ணுதான்" என்றார். "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்டேன். நான் உண்மையாகத்தான் கேட்டேன். எதை வைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மறுநாள் பை இல்லை.

அவரைத் திருப்பி அனுப்பு என்று எழுத மாட்டேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் ஆறிவிட்டது. முழங்கால் ஆறவில்லை. உங்களுக்கு இரண்டும் குறைந்திருக்கட்டும்.

அறிக்கை வந்தது. பலகை சார் இரண்டு முறை படித்தார். "அப்போ நம்ம தொட்டிதான் மருந்து செய்யுதா?" என்று கேட்டார். செய்யவில்லை, மூடி வந்ததைத் திறந்துவிடுகிறது என்றேன். முகம் வெளுத்துவிட்டது. என் மேல் தப்பு என்றால் தாளோடு போயிருக்கும். தண்ணீரே இப்படித்தான் என்றால் கால்வாயைப் பற்றி மேலிடத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பலகையும் போதாது.

அதனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். மறுபடி மாதிரி எடுக்க வேண்டும், ஆய்வகத்திலிருந்து ஒருவர் நேரில் நின்று பார்க்க வேண்டும், குழல்களை அவரே கையோடு கொண்டுபோக வேண்டும். முடிவு மறுபடியும் அப்படியே வந்தால் என் தாளைக் கிழித்துவிட்டுப் பரிசோதனை அறைக்கு அனுப்புவாராம். வராவிட்டால் நான் மோட்டாரோடுதான்.

நீங்களே வாருங்கள். கையெழுத்துப் போடத்தானே தடை, நின்று பார்க்கத் தடையில்லையே. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கணக்கைப் பார்த்துச் சொன்னீர்கள், நான் நம்புகிறேன். ஆனாலும் கை நம்பவில்லை. குழலை எடுத்தால் விரல் தயங்குகிறது. நீங்கள் நிற்கும்போது ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் போதும் என்று இருக்கிறது.

என் வீட்டில்தான் தங்க வேண்டும். அவனிடம் சொல்லிவிட்டேன். "நான் அன்னிக்கு லாட்ஜுக்குப் போயிடறேன்" என்றான். போனால் திரும்பி வராதே என்றேன். அப்புறம் மாத்திரை சாப்பிட்டான். நான் சொல்லாமலே.

வரும் தேதியை எழுதுங்கள்.

வண்டு

*

ஆகஸ்ட் 28

அன்புள்ள வண்டு,

நான் நலம். கழுத்து வலியை இரண்டு நாளாகக் கவனிக்கவில்லை. இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

கையோடு கொண்டுவந்த குழல்களை அன்றே சோதித்தோம், உன் முடிவு வந்துவிட்டது. சல்பா உள்ளே குறைவு, வெளியே கூடுதல். துண்டு ஒட்டிய வகை உள்ளே கூடுதல், வெளியே இல்லை. பெனிசிலின் வகையும் டெட்ராசைக்ளினும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. என் கையெழுத்து இன்னும் திரும்பவில்லை. இயக்குநர் போட்டார். குறிப்புப் பகுதி காலி. உங்கள் பொறியாளரிடம் நான் போனிலும் சொன்னேன். எண்களை மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அவங்க திங்கக்கிழமை லேபுக்கே வந்துடட்டும் மேடம், மச்சானுக்கு அந்த வாடை ஒத்துக்கல" என்றார். தாளைக் கிழித்தாரா என்று கேட்டேன். கிழிக்கும் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தார்.

அடுத்து கால்வாய். அந்த மருந்து தண்ணீரில் தானாக உடைவதில்லை, சேற்றிலும் அவ்வளவாக ஒட்டாது. ஆழமில்லாத தெளிந்த இடத்தில் வெயில் பட்டால் மெல்லக் குறையும். கால்வாய் உங்கள் வாசலிலேயே கலங்கல், மரநிழல் வேறு. மருந்து எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாமல் குடிநீர் எடுப்பதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று மேலிடத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கால்வாய் நெடுகிலும் மாதிரி எடுக்க வேண்டும். எடுப்பது நீதான்.

நான் வந்து நின்ற அன்று நீ முதல் குழலைத் துடைக்கும்போது விரல் தயங்கியதைப் பார்த்தேன். இரண்டாவது குழலில் தயங்கவில்லை. அதையும் பார்த்தேன்.

உன் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டது உனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். உப்பு இருக்கும் டப்பாவைத் தேடி நீ மூன்று மூடிகளைத் திறந்தபோது உன் அண்ணன் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

மறுநாள் பஸ் நிலையத்துக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தவர், அதை மேலே வைத்தால் வெயில் படும், கீழே வைத்தால் இன்ஜின் சூடு ஏறும் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடத்துனர் விசில் அடித்தார். உன் அண்ணன் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை. பஸ் மேம்பாலம் ஏறிய பிறகு, "பை உங்க தங்கச்சி வீட்லயே இருக்கே" என்றேன். "அவ அனுப்பிடுவா" என்றார். ஆக, அனுப்பிவிடு.

இரண்டு நாளாக இங்கே இருக்கிறார். காலையில் காப்பி போட்டார். நேற்று சாயந்திரம் நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றார். இந்தப் பக்கமாக வந்தேன் என்றார், இந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இனி எப்படி என்று நீ கேட்பாய். ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அண்ணி